புயலுக்குப் பிறகு எத்தனை நாள்? கடலோர ஊரின் தாங்குசக்தியை அளந்து பார்ப்பது எப்படி

காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. திருவாடானை வழியாகப் போனால் தொண்டி, அறந்தாங்கி வழியாகப் போனால் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். நம் சந்தைக்கு வரும் மீனும் நண்டும் அந்தக் கரையில் இறங்குவதுதான். புயல் என்றால் நம்மூர்களிலிருந்து உடனே வேன் கிளம்பிவிடும்: அரிசி, போர்வை, பிஸ்கட், பழைய துணி. நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை (பழைய துணியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்). ஆனால் அந்த வேனில் எதை ஏற்ற வேண்டும், எந்தத் தெருவில் இறக்க வேண்டும், உண்மையில் வேன்தான் தேவையா என்பதெல்லாம் புயலுக்கு மறுநாள் யோசித்துக் கண்டுபிடிக்கிற விஷயங்கள் இல்லை. அமைதியாக இருக்கும் மாதங்களிலேயே ஊருக்குள் போய், இந்த ஊர் அடி வாங்கினால் எவ்வளவு தாங்கும், எழுந்து நிற்க எத்தனை நாளாகும் என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், அறக்கட்டளை நடத்துகிறவர்கள், கரையிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் என்று யாரும் செய்யக்கூடிய வேலை இது, சாப்ட்வேர் எதுவும் வேண்டாம்.

இதைப் பற்றி உலக அளவில் நிறைய அட்டவணைகள் இருக்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் ஆட்சி, பொருளாதாரம், கடல்வளம், கட்டடம், ஆபத்து பற்றிய அறிவு, எச்சரிக்கை, மீட்பு, மறுவாழ்வு என்று எட்டுத் தலைப்பு போட்டிருப்பார்கள். யுனெஸ்கோவின் ‘சுனாமி ரெடி’ திட்டத்தில் 12 அளவுகோல்கள்; ஒடிசாவில் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு ஊர்கள் 2020-ல் அதில் தேறின. அவற்றையெல்லாம் படியுங்கள், தப்பில்லை. ஆனால் ஊருக்குள் போகும்போது கையில் இரண்டே கேள்விகளோடு போங்கள். போன தடவை அடிபட்டபோது எது எத்தனை நாளில் திரும்பியது? திரும்பி வருவதற்கு யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள்? மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்து தானாகக் கிளை பிரிந்து வரும்.

போவதற்கு முன்னால்

அந்தக் கரைக்கு என்னென்ன வரும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். பாக் நீரிணைக் கரை ஒரு தனி ரகம். 2004 டிசம்பர் 26 அன்று இலங்கை குறுக்கே நின்றதால் இந்தப் பகுதி பெருமளவு தப்பித்தது; நாகப்பட்டினம், கடலூர் பட்ட பாட்டை இது படவில்லை. அதனால் “நம்ம கடல் சாது, குளம் மாதிரி” என்று வயசானவர்களே சொல்வார்கள். ஆழமில்லாத கடல்தான், ஆனால் புயல் காற்று தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளும்போது ஆழமில்லாத கடலில்தான் நீர்மட்டம் அதிகமாக ஏறும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் நடந்தது அதுதான், ரயிலோடு சேர்த்து ஊரே போனது. அப்புறம் 2018 நவம்பர் 16, கஜா புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறி, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாக நம் சிவகங்கை மாவட்டத்தையும் தொட்டுவிட்டுத்தான் போனது. 2020 டிசம்பரில் புரெவி ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்தில் நகராமல் நின்று மழையாகக் கொட்டியது. 2024 நவம்பரில் புயலே இல்லாமல் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஆக, ஊருக்குத் தெரிந்த ஆபத்து ஒன்று, வரக்கூடிய ஆபத்து இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைக் குறித்துக்கொள்வதே மதிப்பீட்டின் முதல் வேலை.

எப்போது போவது என்பதையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், நிதானமாகப் பேசுவார்கள். நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை கிடையாது, அவர்களை வேறு நேரத்தில் பிடிக்க வேண்டும். முஸ்லிம்கள் அதிகம் இருக்கும் ஊரில் வெள்ளிக்கிழமை, கிறிஸ்தவ மீனவர் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்; தொழுகை, பூசை நேரத்தை விட்டுவிட்டுப் போங்கள். ஜமாத்திடமோ கோயில் கமிட்டியிடமோ ஊர்த் தலைவரிடமோ முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மரியாதை. ஆனால் அவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால் அது ஊர்த் தலைவரின் மதிப்பீடாகத்தான் இருக்கும், ஊரின் மதிப்பீடாக இருக்காது.

யாரெல்லாம் ஊர்?

‘மீனவ கிராமம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் விசைப்படகு முதலாளி, அதே படகில் பங்குக்குப் போகிறவர், நாட்டுப்படகு வைத்திருப்பவர், கூடை சுமந்து மீன் விற்கும் அக்கா, கருவாடு காயப்போடும் குடும்பம், நண்டுச் சதை எடுக்கும் கம்பெனிக்குப் போகும் பெண்கள், உப்பளக் கூலி, பனை ஏறுகிறவர், மகன் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருந்து பணம் அனுப்பும் வீடு என்று இத்தனை பேர். ஒரே காற்று இவர்கள் எல்லோர் மீதும் ஒரே மாதிரி அடிக்கும், ஆனால் எழுந்திருப்பது ஒரே மாதிரி இருக்காது. ஒவ்வொரு பிரிவிலும் ஐந்தாறு பேரையாவது தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். பெண்களோடு பேசும்போது ஆண்கள் பக்கத்தில் வேண்டாம். 2004-ல் கடலூர் பக்கம் இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு; படகு வரும் என்று கரையில் காத்திருந்தவர்கள், குழந்தையைத் தூக்கப் போனவர்கள், நீச்சல் தெரியாதவர்கள், சேலையும் கூந்தலும் முள்ளில் மாட்டிக்கொண்டவர்கள். அவர்களைக் கேட்காமல் போட்ட திட்டத்தில் கழிப்பறை எங்கே வரும் என்றுகூட இருக்காது.

வீட்டுக் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். ரேஷன் கார்டு எண்ணிக்கையைக் கேட்கவில்லை. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார், கைக்குழந்தை எங்கே, மாற்றுத்திறனாளி யார், தனியாக இருக்கும் பாட்டி யார் என்ற கணக்கு. நகரத்தாரிடம் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம்) புள்ளிக் கணக்கு உண்டு. கல்யாணமானால் ஒரு புள்ளி, கோயிலில் பதிவு, அதை வைத்துத்தான் வரி. அதனால் எந்த ஊரில் எத்தனை குடும்பம், யார் எங்கே இருக்கிறார்கள் என்று ரங்கூன், பினாங்கு போயிருந்த காலத்திலும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மீனவ ஊர்களிலும் ஊர் வரி வாங்கும் நோட்டு இருக்கும். அதில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

நாள்கோடு போடுவது

இதுதான் முக்கியமான வேலை, இதற்கு நேரம் ஒதுக்குங்கள். தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு. ஒரு முனையில் புயல் அடித்த ராத்திரி. அதிலிருந்து 1 நாள், 3 நாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஒரு வருஷம், மூன்று வருஷம் என்று குறி. பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: குடிதண்ணீர் எப்போது வந்தது, கரண்ட் எப்போது, போன் டவர் எப்போது, ரேஷன் கடை எப்போது திறந்தது, பள்ளிக்கூடம், முதல் படகு கடலுக்குப் போனது, முதல் ஏலம், கூரை போட்டது, அடகு வைத்த நகையை மீட்டது. பதில் வரும் இடத்தில் புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் வைப்பார், இன்னொருவர் “அது உங்க தெருவுக்கு, எங்க தெருவுக்கு அதுக்கப்புறம் பத்து நாள் கழிச்சுத்தான்” என்று கொட்டையை நகர்த்துவார். சண்டை வரும். வரட்டும், தடுக்காதீர்கள், நீங்கள் தேடி வந்த தகவல் அந்தச் சண்டையில்தான் இருக்கிறது. எந்தத் தெரு, யார் வீடு, எவ்வளவு தாமதம் என்று எழுதிக்கொள்ள ஒரு ஆளைத் தனியாக உட்கார வையுங்கள்.

கஜாவை வைத்து இப்படிக் கேட்டால் ஒன்று பளிச்சென்று தெரியும்: பெரும்பாலான விஷயங்கள் மின்சாரத்துக்காகக் காத்திருந்தன. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன, உள்ளூர்ப் பக்கம் வாரக்கணக்கில் இருட்டு. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, தண்ணீர் ஏறாது, ஐஸ் கிடைக்காது, ஐஸ் இல்லாமல் பிடித்த மீனை விற்க முடியாது. ஆக “படகு தப்பிச்சுது, அதனால பரவாயில்ல” என்று சொன்னவருக்கும் வருமானம் இல்லை. எது எதற்காகக் காத்திருந்தது என்று அம்புக்குறி போட்டு வையுங்கள். கடைசியில் எல்லா அம்பும் இரண்டு மூன்று இடத்தில்தான் போய் நிற்கும்; செலவு செய்ய வேண்டியதும் அங்கேதான். ஒரு பழைய ஜெனரேட்டரையும் அதற்கு டீசலையும் தயாராக வைத்திருப்பது நூறு மூட்டை அரிசியைவிட உபயோகமாக இருக்கக்கூடும்.

விடுபட்டவர்களையும் இந்தக் கோட்டிலேயே பார்க்கலாம். யாருடைய கொட்டை கோட்டின் கடைசி வரை வரவே இல்லை? சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் இது வெளிப்படையாகவே நடந்தது: ஒரு பக்கம் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகு கொடுத்ததில், கடல் தாங்காத அளவுக்குப் படகு பெருகியது, இன்னொரு பக்கம் படகே இல்லாத தலித் கூலிகளும் இருளர் குடும்பங்களும் நிவாரணப் பட்டியலிலேயே இல்லாமல் நின்றார்கள். வேகமாக எழுந்த ஊர் என்று பெயர் எடுத்த இடத்திலும் இப்படி ஒரு மூலை இருக்கும். தேடிப் பாருங்கள்.

எச்சரிக்கை கடைசி வீடு வரை வருகிறதா

ஹைதராபாத்தில் இன்கோய்ஸ் என்ற கடல் தகவல் மையம் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை தருகிறது. புயலுக்கு வானிலை ஆய்வு மையம் நாட்கணக்கில் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. மேலே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கேள்வி கடைசி இரண்டு கிலோமீட்டரில். புதுச்சேரி பக்கத்து நல்லவாடு ஊர் 2004-ல் எப்படித் தப்பித்தது தெரியுமா? சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட, ஊரில் ஏற்கெனவே எம்.எஸ்.சுவாமிநாதன் நிறுவனத்தின் தகவல் மையத்து ஒலிபெருக்கி இருந்ததால் உடனே அறிவித்து எல்லோரையும் கிளப்பிவிட்டார்கள். போன், ஒலிபெருக்கி, சொன்னால் நம்புகிற ஊர், இந்த மூன்றும் சேர்ந்துதான் உயிர்களைக் காப்பாற்றின.

நீங்கள் போகும் ஊரில் பள்ளிவாசல், மாதா கோயில், அம்மன் கோயில் எல்லாவற்றிலும் மைக் இருக்கும். கரண்ட் போனால் அது பேசுமா, பேட்டரி இருக்கிறதா, யாருக்குச் சாவி, ராத்திரி இரண்டு மணிக்கு அறிவிக்க யாருக்கு அதிகாரம் என்று கேளுங்கள். பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் என்ன அர்த்தம், பத்தாம் எண் என்றால் என்ன என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். (பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.) மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077, இது எத்தனை பேர் போனில் பதிந்திருக்கிறது? கடலுக்குள் இருக்கும் நாட்டுப்படகுக்குத் தகவல் எப்படிப் போகும்? கரைக்குத்தான் சொன்னோம், கடலுக்குச் சொல்லவில்லை என்பது 2017-ல் ஓகி புயலின்போது கன்னியாகுமரிக்கு நேர்ந்தது.

அப்புறம் ஒரு நடைச் சோதனை. கடலுக்கு ஒட்டிய கடைசிக் குடிசையிலிருந்து ஒரு வயசான ஆத்தாவோடு அவர் வேகத்திலேயே புயல் பாதுகாப்பு மையம் வரை நடந்து போய் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். சுமத்ராவிலிருந்து அலை வர இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும், அதில் செய்தி வந்து சேரும் நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். மையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் சாவி யாரிடம் என்று விசாரியுங்கள். அவர் வெளியூர் போயிருந்தால்? சாய்தளம் இருக்கிறதா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறையா, தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா, ஆடு மாடுகளை எங்கே கட்டுவார்கள்? ஆட்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

தண்ணீர், தரை, மரம்

நகரத்தார் தாங்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்ததாக வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள், கடல் பொங்கிய கதையும் அதோடு ஒட்டியிருக்கிறது. வரலாற்று ஆராய்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். கடலே தெரியாத வறண்ட பூமிக்கு வந்த பிறகும் வீட்டைத் தெருவிலிருந்து படியேறிப் போகும் உயரத்தில் கட்டினார்கள், முற்றத்தில் விழும் மழையைப் பிடித்துவைத்தார்கள், ஊருக்கு ஊர் ஊரணி வெட்டினார்கள். கடலோரத்தில் பார்க்க வேண்டியதும் இதே மூன்றுதான். வீட்டு அடித்தளம் எவ்வளவு உயரம், மழைத் தண்ணீர் எங்கே போகிறது, குழாய் நின்றால் குடிக்க என்ன?

ராமநாதபுரம் கடலோரத்துக்குப் பெரும்பாலும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான். திருச்சிப் பக்கத்திலிருந்து பம்ப் போட்டுத் தள்ளி வருகிற தண்ணீர். வழியில் எங்கே கரண்ட் போனாலும், குழாய் உடைந்தாலும் தொண்டிப் பக்கத்தில் குடம் காலிதான். அதனால் ஊரணியைப் போய்ப் பாருங்கள்: கரை நன்றாக இருக்கிறதா, வரத்துக்கால் அடைத்திருக்கிறதா, கடல் தண்ணீர் உள்ளே வந்தால் எத்தனை மழைக்குப் பிறகு இனிக்கும் என்று ஊரில் கேளுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மரம் பற்றி ஒரு வார்த்தை. வேதாரண்யம் வட்டம் நாலுவேதபதியில் 2002-ல் ஒரே நாளில் 80,244 மரக்கன்று நட்டு கின்னஸில் ஏறினார்கள், இரண்டு வருஷம் கழித்து வந்த சுனாமியில் அந்தத் தோப்பு ஊருக்கு முன்னால் நின்றது. அலைக்கு மரம் நல்லது. ஆனால் கஜாவில் விழுந்த மரங்கள்தான் ரோட்டையும் கூரையையும் அடைத்தன. எந்த மரம் எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். ரம்பமும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் ஊரில் உண்டா என்பதையும் சேர்த்து.

பணம்

இதைக் கேட்கத் தயங்குவார்கள், நீங்களும் தயங்குவீர்கள், ஆனாலும் கேட்டாக வேண்டும். ‘உங்களுக்கு எவ்வளவு கடன்?’ என்று நேராகக் கேட்டால் பதில் வராது. ‘இந்த ஊர்ல புயலுக்கப்புறம் பணம் வேணும்னா ஜனங்க எங்கே போவாங்க?’ என்று பொதுவாகக் கேளுங்கள், வரும். ஏலக்காரரிடம் முன்பணம் (அதற்குப் பதிலாக மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும்), நகை அடகு, சுயஉதவிக்குழு, சீட்டு, கந்துவட்டி, சிங்கப்பூர் மச்சான். ஒவ்வொன்றுக்கும் வட்டி எவ்வளவு, திருப்பிக் கட்ட எத்தனை வருஷம் என்று எழுதுங்கள். மூன்றே நாளில் கடலுக்குப் போனவர் அதற்காக மூன்று வருஷம் ஏலக்காரருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தால் அதை வேகமான மீட்சி என்று நான் எழுத மாட்டேன்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும், தெரியும்தானே. வங்கி தராத பணத்தை ஊரே சேர்ந்து தருகிற ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் கஜாவில் மொய் வைக்க வேண்டிய எல்லோருடைய தென்னையும் ஒரே ராத்திரியில் சாய்ந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் அடிபடும்போது ஊருக்குள் சுற்றுகிற பணம் உதவாது, வெளியிலிருந்து வர வேண்டும். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடலோரத்துக்கு வெளியே ஒரு கை இருக்கிறதா என்று பாருங்கள்: தேவகோட்டையில் சம்பந்தி, காரைக்குடியில் மீன் வாங்கும் கடைக்காரர், வெளிநாட்டில் பிள்ளை. அப்படி ஒருவரும் இல்லாத வீடுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

காப்பீடு பற்றிக் கேட்டால் ‘இருக்கு’ என்பார்கள். பாஸ்புக்கைப் பாருங்கள். பிரதமர் விபத்துக் காப்பீட்டுக்கு வருஷத்துக்கு 20 ரூபாய், 2 லட்சம் வரை பாதுகாப்பு. மே கடைசியில் கணக்கிலிருந்து எடுத்திருக்க வேண்டும், அந்த நேரம் பணம் இல்லாவிட்டால் போச்சு. படகுக்கு, வலைக்கு, இன்ஜினுக்குக் காப்பீடு உண்டா? மீனவர் அடையாள அட்டை, நிலப் பட்டா, படகுப் பதிவு, இவற்றின் நகல் வீட்டைத் தவிர வேறு எங்காவது இருக்கிறதா? கடலில் காணாமல் போனவரை இறந்தவராகச் சட்டம் ஏற்க வழக்கமாக ஏழு வருஷம். அதுவரை மனைவி பெயரில் கணக்கோ பட்டாவோ இல்லாத வீடு என்ன பாடுபடும் என்று கரையில் கேட்டால் சொல்வார்கள்.

மார்க் போடுவது

சிக்கலாக்க வேண்டாம். பூஜ்யம் என்றால் இல்லை. ஒன்று என்றால் காகிதத்தில் இருக்கிறது. இரண்டு என்றால் கண்ணால் பார்த்தோம். மூன்று என்றால் கடந்த ஒரு வருஷத்துக்குள் நிஜமாகவே பயன்படுத்தியோ ஒத்திகை பார்த்தோ இருக்கிறார்கள். பாதுகாப்பு மையம் புதுசாக, பெயின்ட் வாசனையோடு இருந்தாலும் பூட்டே திறந்ததில்லை என்றால் இரண்டுதான்.

எல்லாவற்றையும் கூட்டி ஊருக்கு ஒரு சராசரி போடுகிற ஆசை வரும். போடாதீர்கள். பயங்கரமாக ஏமாற்றும். எச்சரிக்கைக்கு மூன்று, தண்ணீருக்குப் பூஜ்யம் என்றால் சராசரி ஒன்றரை என்று எழுதுவதால் யாருக்கும் தாகம் தீராது. ஒவ்வொரு தலைப்பிலும் மிகக் குறைவாக வாங்கிய தெருவின் மார்க்கையே ஊரின் மார்க்காக எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், “எங்க ஊரக் கேவலப்படுத்திட்டீங்க” என்பார்கள். நாள்கோட்டில் அவர்களே வைத்த கொட்டைகளின் புகைப்படத்தைக் காட்டுங்கள்.

சந்தேகமான தகவலை இரண்டாவது ஆளிடம் கேட்டு உறுதி செய்யாமல் எழுதக் கூடாது. தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் வளாகம் இருக்கிறது, அலை, கரை அரிப்பு மாதிரி விஷயங்களை அங்கே கேட்கலாம். கடன் விவரத்தில் மட்டும் யார் பெயரும் வேண்டாம்.

எழுதி முடித்ததும் நகல் முதலில் ஊருக்கு, பிறகுதான் கலெக்டர் ஆபீசுக்கும் உங்கள் அறக்கட்டளைக்கும். ஊராட்சியாக இருந்தால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அக்டோபர் 2-ம் இருக்கிறது, ஆனால் அதற்குள் வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிடும், மோட்டார் ரிப்பேருக்கோ வரத்துக்கால் வெட்டவோ நேரம் போதாது. தொண்டி மாதிரி பேரூராட்சி என்றால் வார்டு உறுப்பினரைப் பிடிக்க வேண்டும். பூஜ்யம் வாங்கியவற்றில் பணமே இல்லாமல் சரி செய்யக்கூடியதை (இரண்டாவது சாவி, போன் எண் பட்டியல், மைக் பேட்டரி யார் பொறுப்பு) அந்தக் கூட்டத்திலேயே பெயர் போட்டு முடித்துவிடுங்கள். மறுபடி போவது ஜனவரியில், பொங்கல் கழிந்து. மழைக்காலம் முடிந்திருக்கும், எது வேலை செய்தது எது செய்யவில்லை என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், அதே கோட்டை அதே இடத்தில் மறுபடி போடலாம்.